எல்லை மாகாணத்தின் இரு தீர்ப்புகள் (1946 – 1947)

அந்நியராட்சி நீங்கி ஒரு நாடு சுதந்திரம் பெறுந் தறுவாயில் நடைபெறும் தேர்தல் ஏனைய தேர்தல்களைப் போன்றதன்று. வழக்கமான தேர்தலில் மக்கள் தம்மை ஆளுவோர் யாரெனத் தீர்மானிக்கின்றனர். சுதந்திரத்தின் வாயிலில் நிகழுந் தேர்தலோ, ஆளப்படும் நாடு யாது, அதன் எல்லை யாது, அதனுள் தாம் யார் என்னும் வினாக்களையும் உடன்கொண்டு வருகின்றது. வாக்காளன் ஒரு வினாவுக்கு விடையிறுத்ததாக எண்ணுகின்றான். பின்னர் வருவோர் அவ்விடையை வேறொரு வினாவுக்குரியதாக எடுத்தாளுகின்றனர். இவ்வுண்மையை விளக்குதற்கு 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் வடமேற்கெல்லை மாகாணத்தில் நடைபெற்ற சட்டசபைத் தேர்தலினுஞ் சிறந்த சான்று காண்டலரிது.

அத்தேர்தலில் காங்கிரஸ் வெற்றி பெற்றது. பதினேழு மாதங்களின் பின், 1947 ஜூலையில், அதே மாகாணத்தில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்குச் சார்பாக 2,89,244 வாக்குகளும், இந்தியாவுக்குச் சார்பாக 2,874 வாக்குகளும் அளிக்கப்பட்டன. இவ்விரண்டும் ஒரே மக்களின் தீர்ப்புகளா? ஆயின், எது மெய்யான தீர்ப்பு? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாகாணமும் மக்களும்

வடமேற்கெல்லை மாகாணம் கர்ஸன் பிரபு இராசப்பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1901 ஆம் ஆண்டு, பஞ்சாபினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. பெஷாவர், மர்தான், ஹஸாரா, கோஹாட், பன்னு, டேரா இஸ்மாயில் கான் என்பன அதன் மாவட்டங்கள். அவற்றுக்கப்பால் ஆப்கானிஸ்தான எல்லைவரை பரந்து கிடந்த மலைநாட்டுக் குலத்தாரின் நிலம் மாகாணச் சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. ஆங்கு வாழ்ந்தோர்க்கு வாக்குரிமையுமில்லை. 1941 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். பெஷாவர், மர்தான் முதலிய பகுதிகளிற் பஷ்தோ மொழி பேசும் பட்டாணியர் பெரும்பான்மையினர். ஹஸாராவில் ஹிந்த்கோ மொழி பேசுவோர் மிகுதி.

பிரித்தானியர் இம்மாகாணத்தை அரசியற் பயிற்சிக்குரிய களமாகக் கருதாது, படை நிறுத்துதற்குரிய அரணாகவே கருதினர். ஆதலின், 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் ஏனைய மாகாணங்களுக்கு வழங்கிய உரிமைகளும் இதற்கு மறுக்கப்பட்டன. 1932 ஆம் ஆண்டிலேயே இது தேசாதிபதியின் கீழமைந்த முழு மாகாணமாக உயர்த்தப்பட்டது. மறுக்கப்பட்ட உரிமை வேட்கையாகி, வேட்கை இயக்கமாயிற்று.

அவ்வியக்கத்தை ஆக்கியவர் கான் அப்துல் கபார் கான். உத்மன்சாயி என்னும் ஊரிற் பிறந்த அவர், முதலிற் பள்ளிக்கூடங்களை நிறுவினார். பின்னர் பஷ்தோ மொழியில் ஓர் இதழை நடத்தினார். 1929 இல் ‘குதாய் கித்மத்கார்’ என்னும் தொண்டர் படையைத் திரட்டினார். ‘இறைவனின் ஊழியர்’ என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் அணிந்த உடையின் நிறத்தால் உலகம் அவர்களைச் செஞ்சட்டையர் என்றது. பழிக்குப் பழி வாங்குதலையே மானமெனக் கொண்ட சமூகத்தில், துப்பாக்கி ஏந்திப் பழகிய கைகள் படைக்கலமின்றி அடியை ஏற்கச் சூளுரைத்தமை அக்காலத்து அதிசயங்களுள் ஒன்று. 1930 ஏப்ரல் 23 ஆம் நாள் பெஷாவர் நகரத்துக் கிஸ்ஸா குவானிக் கடைத்தெருவிற் படையினர் நிராயுதபாணிகளான மக்கள்மீது சுட்டனர். கார்வாலிப் படைவீரர் சிலர் சுடுதற்கு மறுத்துத் தண்டனை ஏற்றனர். அந்நாளின் பின் செஞ்சட்டையர் இயக்கம் மாகாணமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டில் அது காங்கிரஸோடு இணைந்தது.

1946 ஆம் ஆண்டுத் தேர்தல்

1935 ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தின்கீழ் எல்லை மாகாணச் சட்டசபைக்கு 50 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 38 முஸ்லிம்கள் வென்றெடுத்தற்குரியனவாகவும், எஞ்சிய 12 இந்துக்களுக்கும் சீக்கியருக்கும் உரியனவாகவும் அமைந்தன. முதற்றேர்தல் 1937 இல் நடந்தது. காங்கிரஸ் 19 இடங்களைப் பெற்றுத் தனிப்பெருங் கட்சியாயிற்று. முஸ்லிம் லீக் ஓரிடமும் பெற்றிலது. அவ்வாண்டு செப்டெம்பரில் கபார் கானின் தமையனாரான டாக்டர் கான் சாகிப் தலைமையிற் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றது. போர்க்காலத்துக் கட்சிக் கொள்கைக்கிணங்க 1939 நவம்பரில் அது விலகியது. 1943 இல், காங்கிரஸ் உறுப்பினர் சிலர் சிறையிலிருந்த வாய்ப்பைக்கொண்டு, ஔரங்கசீப் கான் முஸ்லிம் லீக் மந்திரிசபையொன்றை அமைத்தார். சிறைப்பட்டோர் மீண்டதும் அது 1945 மார்ச்சில் வீழ்ந்தது. டாக்டர் கான் சாகிப் மீண்டும் முதன்மந்திரியானார்.

இந்நிலையிலேதான் 1946 ஜனவரி, பெப்ரவரி மாதங்களிற் பொதுத்தேர்தல் நடந்தது. இந்தியாவெங்கும் முஸ்லிம் லீக் இத்தேர்தலைப் பாகிஸ்தான் கோரிக்கைக்குரிய பரீட்சையாக அறிவித்திருந்தது. சற்று முன்னர் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட 30 இடங்களையும் அது ஒருங்கே வென்றது. வங்காளத்திலும் பஞ்சாபிலும் முஸ்லிம் இடங்களிற் பெரும்பாலன அதன் கைப்பட்டன. ஆயின், முஸ்லிம்கள் மிக அதிக விகிதத்தில் வாழ்ந்த எல்லை மாகாணத்தின் விடை வேறாயிற்று. காங்கிரஸ் 30, முஸ்லிம் லீக் 17, ஜமியத்துல் உலமா 2, அகாலி 1 என இடங்கள் அமைந்தன. முஸ்லிம் இடங்கள் 38 இல் மட்டும் நோக்கின், காங்கிரஸுக்கு 19, லீக்குக்கு 17.

இதற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, கிராமந்தோறும் வேரூன்றிய செஞ்சட்டையர் அமைப்பு. பெரிய கான்கள் என்னும் நிலக்கிழாரின் செல்வாக்குக்கு எதிராகச் சிறு நிலமுடையோரும் குத்தகைக்காரரும் அவ்வமைப்பில் இடம்பெற்றனர். இரண்டாவது, போர்க்காலத் தட்டுப்பாடுகளினிடையே ஆண்ட லீக் மந்திரிசபை தேடிக்கொண்ட அவப்பெயர். மூன்றாவதே முதன்மையானது. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்களாயிருந்த நாட்டில், இந்துக்கள் தம்மை ஆள்வரென்னும் அச்சத்துக்கு இடமிருந்ததில்லை. அப்பட்டாணிக் குடியானவன் கண்ட அந்நியன் பிரித்தானியனே. பிரித்தானியனை எதிர்த்துச் சிறை சென்றவன் செஞ்சட்டைக்காரனே. ஆகவே அவன் அவனுக்கு வாக்களித்தான்.

ஆயினும், இவ்வெற்றியை மிகைபடக் கூறுதலுந் தவறு. லீக் 1937 இல் ஒன்றுமில்லாதிருந்து ஒன்பதாண்டுகளில் 17 இடங்களுக்கு உயர்ந்தது. ஹஸாராவில் அது வலிமை மிக்கதாயிருந்தது. அன்றியும், வாக்குரிமை சொத்து, கல்வி முதலிய தகுதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. ஈராண்டுகளுக்குள் நடந்த வாக்கெடுப்பின்போது வாக்காளர் இடாப்பிலிருந்தோர் 5,72,798 பேர். அஃதாவது மாவட்டங்களின் மக்கட்டொகையில் ஐந்திலொரு பங்கினும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டாணிய வாக்காளனிடம் ‘இந்தியா பிரிக்கப்படின் நீ எப்பக்கம்?’ என்னும் வினா அன்று நேரிற் கேட்கப்படவில்லை. பிரிவினை நிகழுமென்பதையே காங்கிரஸார் ஏற்றிலர்.

இடைப்பட்ட பதினேழு மாதங்கள்

வினா மாறிய வேகம் மக்கள் மனம் மாறிய வேகத்தினும் மிகுதியாயிருந்தது. 1946 ஆம் ஆண்டு இந்தியா வந்த மந்திரிசபைத் தூதுக்குழு, எல்லை மாகாணத்தைப் பஞ்சாபோடும் சிந்துவோடும் ஒரே கூட்டத்திற் சேர்க்கும் திட்டத்தை முன்வைத்தது. மாகாணச் சட்டசபையிற் காங்கிரஸ் பெரும்பான்மை இருந்தமை அத்திட்டத்துக்கு இடர் விளைத்தது; அப்பெரும்பான்மையைத் தகர்த்தல் லீக்கின் முதற் குறிக்கோளாயிற்று.

1946 ஆகஸ்டிற் கல்கத்தாவிலும், அடுத்து நவகாளியிலும் பீகாரிலும் குருதி பெருகியது. பீகாரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட செய்தி எல்லை மாகாணத்துக் கிராமங்களை எட்டியபோது, அதுவரை பொருளற்றதாய்த் தோன்றிய அச்சம் பொருளுடையதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில், இடைக்கால அரசாங்கத்தின் துணைத்தலைவராயிருந்த ஜவஹர்லால் நேரு மலைநாட்டுக் குலத்தாரைக் காணச் சென்றார். அவருக்குக் கருங்கொடிகளும், மலக்காண்டிற் கல்லெறியுமே வரவேற்பாயின. டிசெம்பரில் ஹஸாராவிற் கலகம் மூண்டது. 1947 பெப்ரவரியில் லீக் சட்டமறுப்பு இயக்கத்தைத் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். சிறை சென்று புகழ்பெற்ற செஞ்சட்டையரின் மந்திரிசபையே இப்பொழுது சிறைப்படுத்தும் மந்திரிசபையாயிற்று. இயக்கமாயிருந்த கட்சி அரசாங்கமாகும்போது நேரும் இன்னல் இது.

1947 ஜூன் 3 ஆம் நாட் பிரகடனம் பிரிவினையை உறுதிசெய்தது. ஏனைய மாகாணங்களின் நிலையை அவற்றின் சட்டசபைகள் தீர்மானிக்க விடப்பட்டபோது, எல்லை மாகாணச் சட்டசபைக்கு மட்டும் அவ்வுரிமை தரப்படவில்லை. அங்கு வாக்காளரிடமே நேராக வினவுதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அசாம் மாகாணத்துச் சில்ஹெட் மாவட்டத்திலும் இவ்வாறே வாக்கெடுப்பு நடைபெறவிருந்தது. காங்கிரஸ் தலைமைப்பீடம் இத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. நாட்டைப் பிரிக்க இசைந்தபின் ஓர் ஓரத்து மாகாணத்தின் பொருட்டு மறுப்பது இயலாதென அவர்கள் கருதினர் போலும். கபார் கானுக்கு இது தாங்கொணாத் துயராயிற்று. பதினாறாண்டுத் தோழமையின் முடிவில் தாம் கைவிடப்பட்டதாகவே அவர் உணர்ந்தார்.

வாக்கெடுப்பும் மௌனமும்

வாக்காளன் முன் வைக்கப்பட்டவை இரண்டே: பாகிஸ்தானின் அரசியல் நிருணய சபையிற் சேர்தல், அல்லது இந்தியாவின் அரசியல் நிருணய சபையிற் சேர்தல். மேற்குப் பஞ்சாப் பாகிஸ்தானுக்குச் சென்றபின், எல்லை மாகாணத்துக்கும் இந்தியாவுக்குமிடையே நிலத்தொடர்பு அறுந்துவிட்டது. ஆகவே இரண்டாவது வழி பெயரளவில் வழியேயன்றி நடத்தற்குரிய வழியன்று. 1947 ஜூன் 21 ஆம் நாள் பன்னுவிற் கூடிய செஞ்சட்டையர் மூன்றாவதொரு வழியைக் கோரினர்: பட்டாணியருக்கெனச் சுதந்திர நாடு. மவுண்ட்பேட்டன் பிரபு இதற்கு இசைந்திலர். செஞ்சட்டையர் வாக்கெடுப்பைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர்.

காங்கிரஸாரின் ஐயத்துக்குள்ளாகியிருந்த தேசாதிபதி ஓலவ் கேரோ விடுப்பிற் செல்ல, படைத்தலைவர் லொக்ஹார்ட் அவரிடத்தில் நியமிக்கப்பட்டார். இந்திய இராணுவத்துப் பிரித்தானிய அதிகாரிகள் வாக்கெடுப்பை மேற்பார்வை செய்தனர். ஜூலை 6 முதல் 17 வரை அது நடைபெற்றது.

பெறுபேற்றை எண்களாற் சற்று நுணுகி நோக்குவாம். வாக்காளர் 5,72,798 பேர். வாக்களித்தோர் 2,92,118 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 51. வாக்களிக்காதோர் 2,80,680 பேர். பாகிஸ்தானுக்குக் கிடைத்த வாக்குகள், அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மொத்த வாக்காளர் தொகையிலோ நூற்றுக்கு ஐம்பதரை. மொத்தத் தொகையின் சரிபாதியினும் 2,845 வாக்குகளே மிகுதி.

இவ்வெண்களைக்கொண்டு இருதரத்தாரும் வழக்காடியுள்ளனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பதே மக்கள் தீர்ப்பென்பர் ஒருசாரார். பாதி மக்கள் ஒதுங்கி நின்றமையே தீர்ப்பென்பர் மற்றொரு சாரார். வாக்களிக்காத 2,80,680 பேரில் கொள்கையாற் பகிஷ்கரித்தோர் எத்துணையர்? இறந்தும் ஊர்விட்டு நீங்கியும் இடாப்பில் மட்டும் எஞ்சியோர் எத்துணையர்? அஞ்சி வாராதோர் எத்துணையர்? சோம்பியிருந்தோர் எத்துணையர்? எந்தத் தேர்தலிலும் ஒரு பகுதியார் வாக்களியாதிருத்தல் இயல்பு. இவர்களை வேறுபிரித்து எண்ணுதற்கு வழியில்லை. சில்ஹெட்டை இதனோடு ஒப்புநோக்குக. ஆங்குப் பாகிஸ்தான் பக்கம் 2,39,619 பேரும், அசாமிலேயே இருத்தற்பக்கம் 1,84,041 பேரும் வாக்களித்தனர். தோற்றவர் தோற்றனர்; எனினும் அவர்தம் எண் வரலாற்றிற் பதிந்துள்ளது. எல்லை மாகாணத்துச் செஞ்சட்டையரின் எண் எங்கும் பதியப்படவில்லை. பேசாதவனின் கருத்தை யாவரும் தத்தமக்கேற்பப் பேசலாம். அதுவே மௌனத்தின் இடர்.

அவர்கள் வேறென் செய்திருக்கலாம்? இந்தியாவுக்கு வாக்களித்தல் அவர்தம் விருப்பமன்று. பாகிஸ்தானுக்கு வாக்களித்தல் அவர்தம் வரலாற்றுக்கு மாறானது. வாக்களிப்பின் கலகம் மூளும், பட்டாணியர் பட்டாணியரைக் கொல்வர் என்னும் அச்சமும் அவருக்கிருந்தது. ஆதலின் அவர்தம் முடிவை எளிதிற் குறைகூறலாகாது. பிழை அவர்தம் விடையிலன்று. விடை கூறவியலாதவாறு அமைக்கப்பட்ட வினாவிலேயே இருந்தது.

பகிஷ்காரத்தின் பயனை யாழ்ப்பாணத்தவராகிய நாம் நூல்கள் வாயிலாக மட்டும் அறிந்தவரல்லேம். 1927 இற் காந்தியடிகளை இங்கு வரவேற்ற வாலிபர் இயக்கமே, பூரண சுயராச்சியம் தராத டொனமூர் அரசியற் றிட்டத்தை எதிர்த்து, 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் அபேட்சகர் எவரும் முன்வரவில்லை. கொள்கை உயர்ந்தது, அதன் தூய்மையை ஐயுறுவாரிலர். எனினும், 1934 இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும் வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாகவே இருந்தன. சபையோ தன் கருமங்களை நடத்திக்கொண்டேயிருந்தது. வெற்றிடத்தை எதிர்ப்பின் அடையாளமாக நாம் கண்டோம். பிறர் அதனை வெற்றிடமாகவே கண்டனர்.

பின்விளைவுகள்

1947 ஆகஸ்டு 14 ஆம் நாள் எல்லை மாகாணம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. 1946 இல் தெரிவு செய்யப்பட்ட சட்டசபை கலைக்கப்படவில்லை. டாக்டர் கான் சாகிப்பின் மந்திரிசபையும் பதவியிலிருந்தது. எட்டு நாட்களின் பின், ஆகஸ்டு 22 ஆம் நாள், மகாதேசாதிபதி ஜின்னாவின் பணிப்பின்படி அம்மந்திரிசபை நீக்கப்பட்டது. சட்டசபை கூட்டப்படவில்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை. முன்னர்க் காங்கிரஸிலிருந்து 1945 இல் லீக்கிற் சேர்ந்த அப்துல் கையூம் கான் முதன்மந்திரியானார். வாக்கெடுப்பின் பின் பழைய மந்திரிசபை மக்கள் நம்பிக்கையை இழந்தது என்பது நீக்கியோரின் வாதம். அவ்வாதம் மெய்யாயின், புதிய தேர்தலே அதற்குரிய மருந்து. ஒரு நாட்டின் எல்லை பற்றிய தீர்ப்பை, அந்நாட்டினுள் ஆளுவோர் பற்றிய தீர்ப்பாக எடுத்தாண்டமை பின்வந்த காலத்துக்குத் தீயதோர் எடுத்துக்காட்டாயிற்று. ஆளுங் கட்சியை மேலிருந்து நீக்கும் வழக்கம் பாகிஸ்தானின் ஏனைய மாகாணங்களிலும் விரைவிற் பரவியது.

கபார் கான் 1948 பெப்ரவரியிற் பாகிஸ்தானின் அரசியல் நிருணய சபையில் விசுவாசப் பிரமாணஞ் செய்தார். அவ்வாண்டு ஜூனிற் சிறைப்பட்டார். ஆகஸ்டு 12 ஆம் நாள் சார்ஸத்தாவை அடுத்த பாப்ராவில் அவருடைய தொண்டர் கூட்டத்தின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து பலர் மாண்டனர். பிரித்தானியர் சிறையிலும் பாகிஸ்தான் சிறையிலுமாக அவர் வாழ்நாளின் பெரும் பகுதி கழிந்தது. 1988 ஜனவரி 20 ஆம் நாள் பெஷாவரில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தானத்து ஜலாலாபாத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். டாக்டர் கான் சாகிப்பின் கதை வேறு. அவர் 1955 இல் ஒன்றிணைக்கப்பட்ட மேற்குப் பாகிஸ்தானின் முதன்மந்திரியாகி, 1958 இற் கொலையுண்டார். தமையனார் தலைமை தாங்கிய அவ்விணைப்பைத் தம்பியார் எதிர்த்தார். அவ்விணைப்பு 1970 இற் கலைக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் அம்மாகாணம் கைபர் பக்தூன்குவா எனப் பெயர் பெற்றது. பட்டாணியரின் பெயரைத் தாங்கிய நாடு கேட்டோர்க்கு, அறுபத்து மூன்று ஆண்டுகளின் பின், அப்பெயரைத் தாங்கிய மாகாணம் கிடைத்தது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை காண்டல் கூடும். 1946 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மெய்யானது. 1947 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மெய்யானது. முன்னையது பிரித்தானிய ஆட்சியின்கீழ் மாகாணத்தை ஆளத் தக்கார் யாரென்னும் வினாவுக்குரிய விடை. பின்னையது, பிரிவினை முடிந்த செயலாகியபின், இரு நாடுகளுள் எதனோடு சேர்வதென்னும் வினாவுக்கு, விடையிறுக்க முன்வந்தோர் அளித்த விடை. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்க முனைதல் வரலாற்றாசிரியனுக்குத் தகாது. 1946 ஆம் ஆண்டுத் தேர்தலைக் காட்டிப் பட்டாணியர் அனைவரும் பாகிஸ்தானை வெறுத்தனர் எனலும், 1947 ஆம் ஆண்டு வாக்கெடுப்பைக் காட்டி அனைவரும் அதனை விரும்பினர் எனலும் ஒப்பப் பிழையே.

வரலாறு பயிலும் மாணவர் இதனின்றும் பெறத்தக்க பயிற்சி ஒன்றுண்டு. தேர்தற் பெறுபேறொன்றைக் காணுந்தோறும், வென்றவர் யாரென வினவுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். கேட்கப்பட்ட வினா யாது? அதனை வகுத்தவர் யார்? வாக்குரிமை பெற்றோர் எத்துணையர்? வாய் திறவாது நின்றோர் எத்துணையர்? எல்லை மாகாணத்தில் முதலிரு வினாக்களும் அம்மண்ணிற் பிறவாதாரால் விடையிறுக்கப்பட்டன. எஞ்சிய இரண்டுக்குமுரிய எண்களோ இன்றும் ஏடுகளிற் கிடக்கின்றன. வாய் திறவாதோர் இரண்டு இலட்சத்து எண்பதினாயிரம் பேர். அவர்கள் கருதியது இன்னதெனத் துணிந்து கூறுவோரை ஐயத்தோடு நோக்குதலே வரலாற்று மாணவனின் கடன்.